மாவாருக்குக் கொடுத்த கீரை

வெள்ளத்தால் சிங்கப்பூருக்கு வரும் மலேசியக் காய்கறி லாரிகள் நின்றுபோயின. விலங்குத் தோட்டப் பராமரிப்பாளர் பிரசாந்தி, தேக்கா சந்தைக் காய்கறிக் கடைக்காரர் சுந்தரத்திடம் கேட்டு வாங்கிய முருங்கைக்கீரையைக் கருவுற்றிருந்த ஒராங் ஊத்தான் குரங்கு மாவாருக்குக் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் சுந்தரம் கைபேசியில் அழைத்தார்.

“அந்தக் கீரையக் கொடுத்துடாதம்மா! பறிச்ச இடத்துல நேத்துதான் கொசு மருந்து அடிச்சாங்களாம் லா.”

பிரசாந்தி கூண்டுக்கு ஓடினாள். மாவார் கீரைக்கட்டைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே போக முடியாது. தன் மதியச் சாப்பாட்டுச் சப்பாத்தியைக் கம்பி வழியே நீட்டினாள்.

“அதக் குடும்மா, இத வாங்கிக்க.”

மாவார் அவளையே பார்த்தது. பிறகு கீரையைக் கொடுத்தது. ஒரு காம்பில் மட்டும் இலையே இல்லை.

மருத்துவர் வந்து பார்த்து, காத்திருக்கச் சொன்னார். அதன் மூச்சையே கவனித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாலையில் மாவார் பசியோடு கை நீட்டியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.