பத்தாம் மாதத்து வளையம்

ஓராண்டு அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மாதம் சட்டம், இரண்டாம் மாதம் சக்கரம், மூன்றாம் மாதம் பெயிண்ட் அடித்து மேலிடத்துக்குக் காட்டுவது. ஆலைத் தொட்டிக்குள் ஆள் இறங்காமல் கசடை வாரும் இயந்திரம் அது. மோட்டாருக்குள் கசடு புகாமல் காக்கும் ரப்பர் வளையமோ பத்தாம் மாதத்தில் கிடந்தது. அந்த வளையம் ஆறு மணி நேரம் தாங்காவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

திட்டம் போடுகிற பொறியாளரான அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டிக்குள் இறங்கிக் கசடு வாருகிறவன் அவளுடைய அண்ணன். மயங்கிச் சரிந்தவனை இரண்டு முறை கயிற்றோடு இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மேலாளருக்கு ஆலையில் 'பச்சை' என்று பட்டப்பெயர். முடிந்த வேலைக்கு அட்டவணைக் கட்டத்தில் பச்சை அடிப்பதில் அவ்வளவு ஆசை. வளையத்தை முதல் வாரத்திலேயே சோதிக்கலாம் என்று அவள் போய் நின்றாள். ஆரம்பத்திலேயே தோல்வி என்று சிவப்பு விழுந்தால் மேலிடம் திட்டத்தையே மூடிவிடும் என்றார் அவர்.

"பத்தாவது மாசம் விழுந்தா மட்டும் கொஞ்சுவாங்களா சார்? அப்போ திருத்துறதுக்கு நாளே இருக்காது."

அரை மனதாகத் தலையாட்டினார். ஐந்து வகை வளையம், வாரத்துக்கு ஒன்று.

அங்கேதான் இடித்தது. தொட்டியில் சூடாகக் கிடக்கும் கசடு வெளியே வந்து ஆறினால் ஒரே நாளில் கட்டியாகிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒரு வாளி வேண்டும். மேலிருந்து வாளியை விட்டால் தண்ணீர்தான் வரும்; கசடு அடியில் மண்டிக் கிடக்கும். ஐந்து வாரம் என்றால் அண்ணன் ஐந்து முறை இறங்க வேண்டும்.

பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி ஐந்து பழைய மோட்டார்களை இரவல் வாங்கினாள். ஒரே இறக்கம், ஒரே நாள், ஐந்து வளையமும் சேர்த்து. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி படுக்கப் போட்டிருக்கிறாளே என்று மெக்கானிக் சிரித்தான்.

அண்ணன் இறங்கியபோது, கயிறு பிடித்தவனின் கையை விட்டு அவள் கண் நகரவில்லை. வெளியே வந்தவன் இருமி முடிக்கவே வெகுநேரம் ஆனது.

"என்னடி, எனக்கு வேலை இல்லாம பண்றேன்னுட்டு, எனக்கே வேலை வச்சுட்டே."

வாளிகளை அடுப்பில் வைத்துச் சூடு குறையாமல் மோட்டார்களை ஓட விட்டார்கள். முதல் வளையம் ஒரு மணி நேரத்தில் உப்பியது. மதியத்துக்குள் இன்னும் மூன்று போயின. கடைசியானது ஐந்தேகால் மணி நேரம் ஓடிப் பல்லிளித்தது.

மேலாளர் வந்து நின்றார். அவர் வாய் திறக்கும் முன் அவள் பேசினாள்: வளையத்தால் ஆகாது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது, இன்னும் பதினொரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது, மோட்டாரைத் தொட்டிக்கு வெளியே வைத்துச் சங்கிலியால் ஓட்டினால் வளையமே வேண்டாம். அவர் தாடையைச் சொறிந்தார். அதற்கு இரண்டு மாதம் தந்தார். பழக்கமில்லாத கையால் கட்டத்தில் தானே சிவப்பு அடித்தார்.

அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். சங்கிலி யோசனையை மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"சங்கிலிப் பல்லுல கசடு ஏறும்டி. என் மண்வெட்டியை அஞ்சு நிமிஷம் சும்மா வச்சாலே பிடிச்சுக்குது. வாளியில மிச்சம் சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ இங்க நின்னு என்ன பண்றே?"

சூடு ஆறுமுன் கசடில் ஓட்டிப் பார்க்க, சைக்கிள் நிறுத்தத்தில் யாருடைய சங்கிலி கழலும் என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடினாள்.