வைக்கெ என்றால் அமைதியாம்

1

எரிச்சலில் பிறந்த கதை இது. ஹீயுமா தீவில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். "பேருக்கேத்த மாதிரி அமைதியாவே வாழ்ந்தாங்க" என்றார் பேச வந்தவர். பெட்டிக்குள் இருந்தவள் பேர் வைக்கெ. அந்த ஊர் மொழியில் அமைதி என்று பொருள். கூட்டம் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2

வைக்கெ ஒரு சாதுவான

அடச்சீ, நானும் அதே கூத்துதான். (கிடக்கட்டும், அழிக்கவில்லை. என் லட்சணமும் தெரியட்டும்.)

மகள் உர்வெயிடம் தொடங்குகிறேன். அடக்கத்துக்கு முந்தின நாள் மதியம் அவள் அடுப்படியில் ஹெய்னார் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் யார் செத்தாலும் பேசுவது அவர்தான். கையில் ஒரு நோட்டு, அது நிறையப் பேர்களும் பொருளும். (பேச்சு உர்வெ சொன்னது. காபி மட்டும் நான் கற்பனையில் ஊற்றியது.)

"அந்தப் பேர் வரிய எடுத்துடுங்க."

"ஏம்மா? எல்லாரும் கண்ணத் தொடைக்கிற வரியாச்சே!"

"அம்மா வாயத் தொறந்தா எங்கப்பா 'உன் பேரு என்னடி'ம்பாரு. நாப்பது வருஷம். அவ பொறந்த வீட்ட வித்தப்பவும் அதையேதான் கேட்டாரு."

"செத்தவரப் பத்தி எதுக்கும்மா..."

"செத்துட்டா யோக்கியனா?"

ஹெய்னார் காபியைக் கலக்கினார். உர்வெ விடவில்லை.

"அது எப்படி வந்த பேருன்னு தெரியுமா? முப்பத்தாறாம் வருஷம், ஜெர்மன் பேரெல்லாம் வேணாம், நம்ம பேரா வைப்போம்னு ஊரே கிளம்பியிருந்த நேரம். புயல்ல போன படகு திரும்பி வந்த அன்னைக்கு அம்மா பொறந்தா. அமைதின்னு வச்சது கடலு அடங்கினதுக்கு. பிள்ளைய அடக்கறதுக்கு இல்ல."

"சரிம்மா, எடுத்துடறேன்" என்று வரியை அடித்தார்.

3

மறுநாள் அடித்த அந்த வரியைத்தான் சொன்னார். வேண்டுமென்று இல்லை, வாய்ப்பழக்கம். முப்பது வருஷமாகப் பேருக்குப் பொருள் சொல்லியே பெட்டியை இறக்கியவர்.

4

முடிவு ஒன்று: உர்வெ பல்லைக் கடித்துக்கொள்கிறாள். எல்லாரும் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிடப் போகிறார்கள். இதை எழுதினால் என் கை விளங்காது.

முடிவு இரண்டு: ஹெய்னார் மன்னிப்புக் கேட்கிறார். யார் நம்புவார்கள்?

மூன்றாவது: குழிக்குள் மூன்று பிடி மண் போட வேண்டும். உர்வெ முதல் பிடியை அள்ளினாள், போடவில்லை. நிமிர்ந்தாள்.

"ஹெய்னார், நகருங்க. எங்கம்மாவப் பத்தி நான் பேசறேன்."

அவள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. அவள் வாயில் நானும் வார்த்தை திணிப்பதா? பேசட்டும், கத்தட்டும், அப்பனைத் திட்டட்டும். கூட்டத்தில் உங்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன். யாராவது "உஷ்" என்றால், அது நீங்களாக இருக்க வேண்டாம்.