சபையில் ஒரு ஆந்தைக்கண்

சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பை இசோக்கென் இன்னும் மாற்றவில்லை. தட்டில் சோறும் ஸ்டூவும் ஆறிப்போய்க் கிடந்தன. அவள் கண் போனில் இருந்தது.

பெனின் ஆட்டக்காரர் சபை அன்றைக்குக் காலையிலிருந்தே களைகட்டியிருந்தது. பெனின் நகரத்தில் வீடியோ கேம் ஆடுகிற அத்தனை பேரும் இருக்கிற ஆன்லைன் குழு அது. ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டுவார்கள்.

"போன வருஷ கேமுக்குப் புது சட்டை மாட்டி, புது விலை வச்சுட்டானுங்க" என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"சட்டை எங்கடா மாத்தினான்? பட்டன் மட்டும்தான்."

"காசு கட்டி அந்த அதிர்ஷ்டப் பெட்டியைத் திறந்தேன். என்ன வந்துச்சு தெரியுமா? வரிசையா கோல்கீப்பருங்க! இவனுங்களை வச்சு நான் என்ன, வாட்ச்மேன் ஏஜென்சியா நடத்தறது?"

இசோக்கென் சிரித்திருப்பாள். வேறு நாளாக இருந்தால்.

வெள்ளிக்கிழமை இதே சபையில், 'ஆந்தைக்கண்' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆசாமி வீடியோத் துண்டுகள் சிலதைப் போட்டான். எல்லாம் இசோக்கென் கேமில் ஆடிய கால்பந்து ஆட்டங்கள். எதிராளி பந்தோடு அவள் கோல் வாசலுக்கு வருகிறான். படம் அப்படியே உறைகிறது. மறுபடி அசையும்போது பந்து அவளுடைய கோல்கீப்பர் கையில். ஒரு ஆட்டத்தில் அல்ல, ஒவ்வொரு ஆட்டத்திலும். கீழே ஒரே ஒரு வரி: 'அக்ரா போகிற மகாராணி நெட்டை வேண்டுமென்றே அறுக்கிறாள்.'

பெனினில் அறுந்துபோகாத நெட் யார் வீட்டில் இருக்கிறது? ஆனால் கோல் வாசலில் மட்டுமே அறுகிற நெட்?

அடுத்த வாரம் அக்ராவில் மேற்கு ஆப்பிரிக்க வீடியோ கேம் கோப்பை. பெனின் அணியில் களமிறங்கி ஆட இடம் பிடித்த முதல் பெண் இசோக்கென். அணித்தலைவன் நோசா இன்று மாலை ஆறு மணிக்குள் பெயர்களை அனுப்பியாக வேண்டும். அதற்கு முன்னால் சபையின் பேச்சு அறையில் பஞ்சாயத்து. கரன்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடுகிற தன் வீட்டு வைஃபை மேலேயே வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. போனை சிம் டேட்டாவில் வைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள்.

"வந்துட்டாங்கப்பா, கத்தரிக்கோல் ராணி!" இது உயி. எதிர் வீட்டுக்காரன். போன மாதம் அவளிடம் தோற்றதிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

"உயி, நீ தோத்தப்போ நெட்டா அறுந்துச்சு? உன் மூக்குதான் அறுந்துச்சு" என்றாள் இசோக்கென்.

"அமைதி, அமைதி" என்றான் நோசா. "அமென்சே வரலையா?"

அமென்சே அணியின் ரிசர்வ் ஆட்டக்காரி. இசோக்கெனின் உயிர்த்தோழி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. காலையிலேயே சபையில் எழுதியிருந்தாள்: 'எனக்கு சர்ச்சுல பாட்டுப் பயிற்சி இருக்கு. என் இசோ மேல கை வச்சா பல்லு மிஞ்சாது, சொல்லிட்டேன்.' அதைப் படித்தபோது இசோக்கெனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆந்தைக்கண், நீ சொல்லு" என்றான் நோசா.

பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. ஏதோ ஆப் போட்டு மாற்றிய குரல். ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் பிடிபடவில்லை. "எனக்கு யார் மேலயும் பகை இல்ல. நான் டொராண்டோவுல இருக்கேன். உங்க ஊர் அரசியல் எனக்கு எதுக்கு? கண்ணுல பட்டதைப் போட்டேன்."

"டொராண்டோவுல இருந்துக்கிட்டு என் ஆட்டத்தை எதுக்குய்யா விடிய விடிய பார்க்கிறே? அங்க பனி அள்ற வேலை இல்லையா?" என்று கேட்டாள் இசோக்கென்.

யாரோ சிரித்தார்கள். ஆந்தைக்கண் சிரிக்கவில்லை. "அறுந்த நேரத்தைப் பாருங்க. தற்செயலா இது? நல்லா யோசிச்சு..."

அந்த நொடியில் இசோக்கெனின் தலைக்கு மேல் மின்விசிறி உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. காலையிலிருந்து இல்லாத கரன்ட். தெருவே ஒரே குரலில் கத்தியது: "அப் நேப்பா!" நேப்பா என்ற பெயரில் மின்சார ஆபீஸே இப்போது கிடையாது. என்றாலும் கரன்ட் வந்தால் பெனினில் பச்சைப்பிள்ளையிலிருந்து பாதிரியார் வரை கத்துவது அதைத்தான். தும்மல் மாதிரி, அடக்க முடியாது.

அவள் காதிலிருந்த போனும் கத்தியது. பீப்பாய்க் குரலில்.

"அப் நேப்பா!"

அறையே வெடித்தது.

"டொராண்டோவுல கரன்ட் வந்துடுச்சுடோய்!"

"ஆந்தையாரே, அங்க ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் என்ன விலை?"

இசோக்கென் சிரிக்கவில்லை. ஊர்ப் பழக்கம் டொராண்டோவிலும் விடாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தெரு கத்திய அதே நொடியில்? பக்கத்துத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர், அங்கே நேற்றே கரன்ட் வந்துவிட்டது. அப்படியானால் ஆந்தை உட்கார்ந்திருப்பது இந்தத் தெருவில். அவள் வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில்.

இந்தத் தெருவில் சபைக்காரர்கள் அவளைத் தவிர இரண்டே பேர். உயி, அமென்சே. இருவருக்கும் அவள் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு தெரியும். உயி அவள் ஜெனரேட்டருக்கு அவ்வப்போது பெட்ரோல் வாங்கித் தருவான், அதற்குப் பதில் நெட். அமென்சேயிடம் பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை.

பொறி தட்டியது. கோல் வாசலில் மட்டும் அறுகிற நெட். அவள் ஆட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டே, சரியான நொடியில் அதே வைஃபையில் பெரிய பெரிய ஃபைல்களை ஒருவர் இழுத்தால்? படம் உறையத்தானே செய்யும்!

லேப்டாப்பைத் திறந்தாள். "தற்செயல்னு சொல்றவங்க..." என்று ஆந்தை மறுபடி தொடங்கியிருந்தது. அவள் வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, பொத்தானை அழுத்தினாள்.

பீப்பாய்க் குரல் பாதி வார்த்தையில் நின்றது. திரையில் வந்தது: 'ஆந்தைக்கண் வெளியேறினார்.' அதற்கு அடியிலேயே இன்னொன்று: 'உயி வெளியேறினார்.'

"பார்த்தீங்களா!" இசோக்கென் கத்தினாள். "என் வைஃபை பாஸ்வேர்டை மாத்தினேன், ஆந்தை பொத்துனு விழுந்துடுச்சு! இத்தனை நாளும் என் நெட்டைக் குடிச்சே என்னை அறுத்திருக்கு!"

கைதட்டல் எதிர்பார்த்தாள். வந்தது சந்தேகம்.

"கொஞ்சம் இரு" என்றான் நோசா மெதுவாக. "ஆந்தை உன் வீட்டு நெட்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப அது உன் வீட்டு ஆந்தைதானே?"

யாரோ விசிலடித்தான். "அடேங்கப்பா! திருடியும் நானே, போலீசும் நானே! அனுதாபம் தேட இவளே ஒரு ஆந்தையை வளர்த்திருக்கா!"

"ரெண்டு போன் இருந்தா போதும்டா, வேற என்ன?"

"ஓகா, கேளுங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். தலைவனை எல்லோரும் ஓகா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் நம்பறேனா இல்லையாங்கறது முக்கியமில்ல, இசோ. அக்ராவுல இந்த வீடியோவைத் தூக்கிக் காட்டினா மொத்த அணியும் வீட்டுக்குப் போகணும். ஆறு மணி வரைக்கும் உனக்கு நேரம். ஆந்தையைக் கூட்டிட்டு வா. இல்லாட்டி உன் இடத்துக்கு அமென்சே பேரைப் போட்டுடுவேன்."

போனை வைப்பதற்குள் வாசலில் தடதடவென்று தட்டும் சத்தம். கையில் சோற்றுத் தட்டோடு உயி நின்றிருந்தான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"ஏய் இசோ! பஞ்சாயத்து சூடு பிடிக்கிற நேரத்துல நெட்டைப் பிடுங்கறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

அவள் கதவை விட்டு நகரவில்லை. "நீதானே அது?"

"எது?"

"ஆந்தை."

உயி வாயிலிருந்த சோற்றை விழுங்கினான். "நான் உன்னைத் திட்டணும்னா உன் மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். அதுக்கு எனக்குக் குரல் மாத்தற ஆப் வேற வேணுமா?"

"கரன்ட் வந்ததும் கத்தினது யாரு அப்போ?"

"எங்கே வந்துச்சு கரன்ட்?" உயிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உங்க பக்கம் வந்துச்சு. எங்க வரிசை ஃபேஸ்ல பொட்டு வெளிச்சம் இல்ல. இருட்டுல உட்கார்ந்து 'அப் நேப்பா'ன்னு கத்த எனக்கென்ன கிறுக்கா?"

அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டின் அரையிருட்டில் விசிறி அசையாமல் தொங்கியது. வாசல் பல்பும் செத்திருந்தது. அவன் வரிசை மொத்தமும் அப்படித்தான். கரன்ட் வந்தது அவள் வரிசைக்கும், அவளுக்குப் பின்வரிசைக்கும் மட்டும்.

பின்வரிசை.

வேறொன்றும் அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. வைஃபை ஒரு நிமிஷம் நின்றாலும் பின்சுவருக்கு மேலே அமென்சேயின் தலை முளைக்கும். 'அடியே இசோ, நெட் செத்துப்போச்சுடி!' என்று தெருவே அதிரும். இன்று சுவருக்கு மேலே எந்தத் தலையும் முளைக்கவில்லை.

பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறவள் எப்படிக் கூப்பிடுவாள் என்கிறீர்களா? இசோக்கென் பின்பக்கமாக ஓடியபோது அமென்சேயின் வாசலில் அவளுடைய சர்ச் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

அமென்சே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு போன்கள். விசிறிக் காற்றில் திரைச்சீலை ஆடியது.

"பயிற்சி சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றாள் அமென்சே.

"டொராண்டோவுலயா?"

அமென்சே ஒரு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளப் போனாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"ஏன்டி?" என்றாள் இசோக்கென். நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது குரல்.

"நீ கேம் பேட் பிடிக்கப் பழகினது எந்த வீட்டு சோபாவுல? எந்தப் பட்டன் எதுக்குன்னு உனக்குச் சொன்னது யாரு? இப்ப நீ அக்ராவுல ஆடுவ. நான் பின்னாடி தண்ணி பாட்டில் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"ரிசர்வ்னா தண்ணி பாட்டில் இல்லடி."

"நீ ரிசர்வா இருந்து பாரு, தெரியும்."

சுவர்க் கடிகாரத்தை இசோக்கென் பார்த்தாள். ஆறுக்கு அதிகம் இல்லை. "வா. ஓகாகிட்ட வந்து சொல்லு."

"சொல்ல மாட்டேன்." அமென்சேயின் முகம் இறுகியது. "என் பேர் வெளிய வந்தா இந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்? எங்கம்மா சர்ச்சுல எப்படி உட்காருவா? நீ என் பேரைச் சொல்லு, நான் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன். உன்னை நம்புவாங்களா, என்னையா? இப்ப சபையில ஆந்தை யாருன்னு கேட்டா நீதான்னு சொல்றாங்க பாதிப் பேர்."

உண்மைதான். அதுதான் எரிந்தது.

"ஆந்தையாவே வா" என்றாள் இசோக்கென் கடைசியில். "பேர் வேண்டாம். அதே குரல்ல வந்து, அறுத்தது நீதான்னு சொல்லு. நான் என் வீட்டுல உட்கார்ந்து ஆடறேன். எல்லாருக்கும் முன்னாடி அறுத்துக் காட்டு."

"பேரை எப்பவுமே சொல்ல மாட்டியா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"உன்கிட்ட நான் சத்தியம் பண்ணணுமா?" என்றாள் இசோக்கென். ஆனாலும் பண்ணினாள். புது பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. அமென்சேயின் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தானே அடித்துக் கொடுத்தாள்.

பேச்சு அறையில் ஆந்தைக்கண் மறுபடி தோன்றியதும் கூச்சல் எழுந்தது. நோசா லேசில் நம்புகிற ஆள் இல்லை. "பதிவு பண்ணின குரலா இருக்கும். ஆந்தை, நான் சொல்ற எண்ணிலிருந்து தலைகீழா எண்ணு. இசோ, அதே நேரத்துல நீ தேசிய கீதம் பாடு."

ஒரு பக்கம் பீப்பாய் எண்ணியது. ஒரு பக்கம் இசோக்கென் சுருதியில்லாமல் பாடினாள். "போதும், போதும், நாட்டைக் காப்பாத்துங்கப்பா!" என்று யாரோ அலறினான்.

பிறகு நோசாவே அவளோடு ஆட இறங்கினான். பந்தோடு அவன் கோல் வாசலை நெருங்கினான். "இப்போ" என்றது ஆந்தை. படம் உறைந்தது. அசைந்தபோது பந்து அவள் கோல்கீப்பர் கையில். "மறுபடி" என்றான் நோசா. ஆந்தை சும்மா இருந்தது. படம் ஓடியது. அவன் அடித்த பந்தை இசோக்கென் விரல் வியர்க்கத் தடுத்தாள். மூன்றாவது முறை "இப்போ" என்று குரல் வந்ததும் மறுபடி உறைந்தது.

"போதும்" என்றான் நோசா. "நீ யாருய்யா?"

'ஆந்தைக்கண் வெளியேறினார்.'

முதலில் பேசியது உயி. அவனும் நெட்டுக்குக் காசு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். "இசோ, கத்தரிக்கோலை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா என்னை நீ ஜெயிச்சது இன்னும் சந்தேகம்தான்."

"இசோ உள்ளே" என்றான் நோசா. "அமென்சே ரிசர்வ். பேரை அனுப்பிட்டேன். அக்ராவுல பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

இசோக்கென் வாயைத் திறந்தாள். என்ன காரணம் சொல்வாள்?

"இல்ல, ஓகா."

"உன் நெட்ல தொங்கினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல" என்றாள் மறுபடியும்.

சபையில் புது வரி ஒன்று விழுந்தது. அமென்சே, தன் சொந்தப் பேரில்: 'பயிற்சி இப்பதான் முடிஞ்சுது, எல்லாம் கேள்விப்பட்டேன். என் இசோவைச் சந்தேகப்பட்டவங்கள்லாம் வரிசையில வந்து மன்னிப்பு கேளுங்க!' பின்னாலேயே இதயங்கள் ஒரு வரிசை. ஆளுக்கொருவர் கைதட்டல் போட்டார்கள்.

அடுத்தது அவளுக்கு மட்டும் வந்தது. 'அக்ராவுல ஜன்னல் பக்கக் கட்டில் எனக்குடி. சரியா?'

ஏதோ தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள், அழித்தாள். கடைசியில் 'சரி' என்று மட்டும் அனுப்பினாள்.

பிறகு எழுந்துபோய் பயணப் பையை இழுத்தாள். கேம் பேடைத் துணியில் சுற்றி அடியில் வைத்து, ஜிப்பை ஓரம்வரை இழுத்து மூடினாள். அந்த ஜிப்பின் காதில் நுழைகிற மாதிரி சின்னப் பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே, ஆறிப்போன சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.