சுண்ணாம்பு அடித்த சுவர்

நிரஞ்சலா சுவர் வெடிப்புகளைத் தவிர வேறெதையும் வரைவதில்லை. வரைவது என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய வெள்ளைப் புடவையைச் சுவரோடு ஒட்டப் பிடித்து, அடுப்புக்கரியால் அழுத்தித் தேய்ப்பாள். துணியெல்லாம் கறுக்கும், வெடித்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அவள் பிறந்தது ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். பள்ளிக்கூடம் போய்வந்த வயதில், ஒரு தீபாவளிக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் குசினிச் சுவர் வெடித்தது. நல்ல நாளும் அதுவுமாக வீடு இப்படியா இருப்பது? அம்மா மண் குழைத்து வெடிப்பை அடைத்தாள், மேலே சுண்ணாம்பு அடித்தாள், தள்ளி நின்று பார்த்துச் சிரித்தாள். பண்டிகை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் மலை சரிந்து, உள்ளேயிருந்த அம்மாவோடு லயத்தையே மூடிவிட்டது. நிரஞ்சலா அப்போது வகுப்பில் இருந்தாள். சுவர் முன்கூட்டியே சொன்னதை அம்மா தன் கையாலேயே பூசி மூடினாளே என்ற நினைப்பு இன்றுவரை அவளைத் தின்கிறது.

கொழும்பில் அவளுடைய துணிகளைத் தொங்கவிட்டபோது வந்தவர்கள் ஆறு போலிருக்கிறது என்றார்கள், வேர் போலிருக்கிறது என்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது வெடிப்பு, ஐயா. வெறும் வெடிப்பு.

கீழ் லயம் இன்னும் அதே சரிவில்தான் நிற்கிறது. அங்கேதான் அப்பாவின் தங்கை கருப்பம்மா இருக்கிறாள். போன வருடம் அவள் வீட்டுச் சுவரும் வெடித்தது. நிரஞ்சலா அதையும் துணியில் எடுத்தாள். லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், பதுளையில் அரசாங்கக் காரியாலய வாசலில் துணிகளைக் கட்டி மழையில் உட்கார்ந்தாள். கடைசியில், வந்து பார்க்கிறோம், ஆபத்து என்று கண்டால் வேறு இடத்தில் காணி தருகிறோம் என்றார்கள். அத்தையாவது பிழைத்துக்கொள்வாள் என்று நிரஞ்சலா வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பார்வையிட வந்த அதிகாரியின் ஜீப்பிலேயே அவளும் வந்தாள். வளைவு திரும்பியதும் அவள் எட்டிப் பார்த்தாள். லயம் முழுக்கப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"என்ன அத்தை இது?"

"பெரிய ஆளுக வாறாங்கன்னு நீதான சொன்ன? ஞாயித்துக்கெழம எல்லாருமா சேந்து மண்ணு பூசி சுண்ணாம்பு அடிச்சோம். வாறவங்க முன்னால ஒம் மானம் போயிறக் கூடாதுல்ல."

தோட்டத் துரை லயம் பார்க்க வந்தால் சுண்ணாம்பு அடித்தே பழகிய கைகள் அவை. அத்தையின் நகக்கண்ணில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. அந்த நகத்தைப் பார்த்ததும் நிரஞ்சலாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார். புதிதாக மெழுகிய தரையைப் பார்த்தார். "ஹொந்தாய்" என்றார். நல்லாயிருக்கிறதாம். அவள் பதறிப்போய்க் கத்தியால் சுவரைச் சுரண்டிக் காட்டினாள். ஈரமண் கட்டி கட்டியாக விழுந்ததே தவிர, வெடிப்பு எது, பூச்சு எதென்று தெரியவில்லை. மண்சுவரைச் சுரண்டினால் உதிராமல் என்ன செய்யும் என்று அதிகாரி கேட்டார். பையிலிருந்த துணியை எடுத்து, வெடிப்பிருந்த இடத்தில் சரியாக வைத்துப் பிடித்தாள்.

"போன வருசம் இப்பிடி இருந்திச்சு சேர். இதே எடம்."

அவர் தங்கையைக் கூப்பிடுவதுபோல் கனிவாகத்தான் பேசினார். "நல்லா இருக்கு, நங்கி. ஆனா இது சித்திரம்தானே? சித்திரம் பாத்து ஆபத்துன்னு நான் எப்படி எழுதுறது?"

ஜீப் இறங்கிப் போனது. துணியைப் பிடித்த கை வலித்தும் அவள் எடுக்காமல் நின்றாள். இத்தனை வருடம் கரி தேய்த்து என்ன கண்டோம் என்றிருந்தது.

கருப்பம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நாந்தான் கெடுத்துட்டேனா தாயி?"

"இல்ல அத்தை." அம்மாவிடம் கேட்க முடியாமல் போனதை இவளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

வெளியே தூறல் போட்டது. அத்தையின் முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு வந்தது.

"மழ வலுத்தா மறுபடி வெடிக்கும்ல? வெடிச்சதும் சொல்லி அனுப்புறேன். இந்தத் தடவ கையே வைக்க மாட்டேன், சத்தியமா."

சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே இரண்டு கையையும் கூப்பி, அது சீக்கிரம் வெடிக்க வேண்டும் என்று கும்பிட்டாள்.