கீழ்வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்

கீழ்வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்க வேண்டும். இந்த ஒரு பேச்சைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாள் மூன்று தடவை படியிறங்கினாள். முதல் தடவை, "மோட்டாரை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறி வந்தாள். அடுத்த தடவை, "குழந்தைக்குச் சளி விட்டுச்சா?" மூன்றாம் தடவை அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தாள்.

விஷயம் மகளைப் பற்றியது. அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன். மூன்று மாதம் கழித்து நாள் குறித்தாயிற்று. அதன் பிறகு வெகுநாள் படியேறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்குத் தாய் வீட்டை விட்டால் போக்கிடமில்லை. தாயோ மாடியில் இருக்கிறாள்.

கீழே குடியிருப்பவர் தெருமுனையில் டைப்பிங் கடை வைத்திருப்பவர். கடையில் முடியாததை வீட்டுக்கும் கொண்டுவந்து தட்டுவார். அந்தச் சத்தத்தை வைத்து அம்மாள் அவருக்கு வைத்த பெயர் டக்டக். அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு சச்சரவு. அவர் மனைவி மாசமாக இருந்தபோது குளியலறையில் வழுக்கிவிட, மனுஷன் கேட்காமல் கொள்ளாமல் சுவரைத் துளைத்து எஃகுக் கைப்பிடி ஒன்றை மாட்டிவிட்டார். "போகும்போது பழையபடி ஆக்கித் தரணும், ஆமா!" என்று அம்மாள் ஒரு கத்துக் கத்தினாள். அதோடு சரி.

வெளியூரிலிருந்து வந்த தம்பிக்கு இந்தத் தயக்கமெல்லாம் பிடிபடவில்லை.

"தண்ணியை நிறுத்துக்கா. ரெண்டே நாள்ல தானா ஓடுவான்."

"வாயை மூடுடா. ரெண்டு மாசம் முன்னாடி எழுதிக் குடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. காரணமும் சொல்லணும்."

"அப்ப எழுதிக் குடேன்."

அம்மாள் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நீ எழுத மாட்டே. நான் பாத்துக்கறேன். பக்கத்துல டைப் அடிக்கிற கடை இருக்கா?"

"முனையில இருக்கே," என்றாள் துடைத்துக்கொண்டே. அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலிலேயே சீட்டியடித்தபடி எதிரே வந்தான்.

"குடுத்துட்டேன்க்கா. தங்கமான ஆளு. வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்னாரு."

"அடப்பாவி! அவர்தான்டா கீழ்வீடு!"

தம்பி யோசித்தான். "அதான் விலாசத்தைப் பாத்துட்டு அத்தனை தடவை கண்ணாடியைத் துடைச்சாரா!"

சாயங்காலம் டக்டக் உறையோடு மேலே வந்தார். "அடிச்சுட்டேன்மா. ஒரு எழுத்து மாத்தல."

அம்மாள் பிரித்துப் படித்தாள். ஒரு வாரத்தில் காலி செய்யாவிட்டால் சாமான்கள் தெருவில் வீசப்படும் என்றிருந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"சத்தியமா இது நான் எழுதினது இல்ல."

"தெரியும்மா. கத்துவீங்க, வீசமாட்டீங்க." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "என்ன தப்பு பண்ணினோம்னுதான் புரியல. என் டக்டக் சத்தமா?"

அவ்வளவுதான். தொண்டையில் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது: மகள், இடுப்பு, படி, டாக்டர், மூன்று தடவை இறங்கி ஏறியது, அந்த டீ. சொல்லிக்கொண்டே காகிதத்தை நாலாகக் கிழித்தாள். "உட்காருங்க," என்று நாற்காலியைக் காட்டிவிட்டு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தாள். தேதி போட்டாள். வீடு எதற்குத் தேவைப்படுகிறது, ஒப்பந்தப்படி இரண்டு மாத அவகாசம், சாவி தரும் அன்றே முன்பணம் திருப்பித் தரப்படும் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டாள். அதையே இன்னொரு தாளிலும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். எழுத எழுத நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

டக்டக் நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா! குழந்தையைத் தூக்கிட்டு ஒரு வாரத்துல எங்க போய் நிக்கறதுன்னு கடையில தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மாசம் தாராளம்மா. நாலு பேர்கிட்ட விசாரிச்சா வீடு கிடைச்சுடும்."

"நானும் விசாரிக்கறேன்," என்றாள்.

"அப்படியும் எங்கிட்ட டைப்புக்குக் காசு வாங்கிட்டீங்களே சார்!" என்றான் தம்பி மூலையிலிருந்து.

"என்னை நானே திட்டி அடிச்சிருக்கேன். ரெட்டிப்பா வாங்கியிருக்கணும்."

மூவரும் சிரித்தார்கள். அவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். "போறதுக்கு முன்னாடி அந்தக் கைப்பிடியைக் கழட்டி ஓட்டையை அடைச்சுடறேன்மா. சொல்லியிருக்கீங்களே."

"ஐயையோ, அதைத் தொட்டுடாதீங்க!"

அம்மாள் போட்ட சத்தத்தில் தம்பி எழுந்தே விட்டான். அவள் இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கி, குளியலறைக் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அடியில் ஒரு வரி சேர்த்தாள். அதற்கும் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் அம்மாள் மகளைப் போனில் பிடித்துவிட்டாள். "வந்துடும்மா. கீழ்வீடுதான் உனக்கு. பிடிச்சுக்க நல்ல கெட்டிக் கைப்பிடியும் இருக்கு."