பல்லவிக்கு முந்திய அரை நொடி

டிரம்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து ஸ்டூடியோவில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல அலைந்துகொண்டிருந்தார். நின்றால் கால் ஆடியது, உட்கார்ந்தால் விரல் மேஜையைத் தட்டியது.

பதினெட்டு வருஷம் ஒரு ராக் குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடகனின் முதுகைப் பார்த்தே வாசித்தவர். டிரம் அடிக்கிறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அந்தப் பாடகன் பத்துப் பேர் முன்னால் கேட்டதில்தான் குழு உடைந்தது. அதற்குப் பதில்தான் இந்த ஆல்பம். மொத்தம் எட்டுப் பாட்டு. எழுத்து, குரல், வாத்தியம் எல்லாம் இவரே. அவன் வாசனைகூட இதில் வீசக்கூடாது என்று மனைவியிடம் சபதம் போட்டிருந்தார். சிகரெட்டை விடுவதாகவும் நான்கு முறை சபதம் போட்டவர்தான் என்பது வேறு விஷயம்.

டிரம் எட்டுப் பாட்டுக்கும் முடிந்திருந்தது. இனி அதன் மேல் பாட வேண்டியதுதான். ஒலிப்பதிவு செய்யும் பெண் திரையைக் காட்டினாள்.

“சார், ஒவ்வொரு பல்லவிக்கு முன்னாடியும் அரை நொடி நிக்கிறீங்க. யாருக்காக?”

மெஷினில்தான் கோளாறு என்றார் டிரம்மர். காதில் தாளக் கணக்கு டிக் டிக்கென்று ஒலிக்க, மறுபடி வாசித்துக் காட்டினார். கை அதே இடத்தில் நின்றது. இன்னும் மூன்று முறை வாசித்தார். நாலாவது முறை குச்சியை வீசியெறிந்தார்.

மூலை சோபாவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

“அவரு அங்கதானங்க மூச்சு வாங்குவாரு.”

டிரம்மரின் முகம் சுண்டிப்போயிற்று. பாடகனுக்கு ஒரே மூச்சில் பல்லவியைப் பிடிக்க வராது. ஆரம்ப நாட்களில் இவரிடம் மட்டும் அதைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அன்றிலிருந்து இவர் அரை நொடி நிறுத்திக் கொடுத்தார். ஊரெல்லாம் அதை ஸ்டைல் என்றது. அவன் மறந்துபோனான், இவருடைய கை மறக்கவில்லை.

எட்டுப் பாட்டிலும் அந்த இடத்தை வெட்டி எடுக்கச் சொன்னார். பத்தே நிமிஷத்தில் அந்தப் பெண் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டாள். டிரம்மர் வெற்றிக் களிப்போடு மைக் முன்னால் போய் நின்று பாடினார்.

பல்லவி வந்த இடத்தில் மூச்சு போதவில்லை. இரண்டாம் முறை குரல் பிளந்தது. மூன்றாம் முறை வரி பாதியில் நிற்க, இருமல்தான் மிஞ்சியது. வெளியே நடைபாதையில் இரண்டு நடை நடந்தார், தண்ணீர் குடித்தார். ஐம்பது வயது நெஞ்சு கேட்கவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது.

“பழையபடியே வச்சிடும்மா” என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுபடி பாடினார். அந்த அரை நொடி வந்தது. நெஞ்சு தானாக நிறைந்தது. பல்லவி கணீரென்று எழுந்தது. மூச்சை இழுத்த சத்தமும் பதிவாகியிருந்தது. அதை அழித்துவிடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றார்.

மனைவி இப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அவரு கேட்டா உடனே கண்டுபிடிச்சிடுவாரு.”

“கண்டுபிடிக்கட்டும். முதல் காப்பியை அவனுக்கே அனுப்பு. எனக்கும் மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சுக்கட்டும்.”