சம்மதமா என்று கேட்டார்கள்

டிரைவிங் ஸ்கூல் அக்கா வாயைத் திறந்தால் ஹார்ன் தோற்றுப்போகும். இருபத்திரண்டு வருஷம் தன் சொந்த ஸ்கூலின் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்ச விடச் சொன்னா உசிர விடுறியே!" என்று கத்திக் கத்தியே பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நாக்கு குழறியது. வலது கை மரக்கட்டை மாதிரி மடியில் விழுந்தது. பக்கவாதம்.

உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. முழுசாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன சொல்ல வாயெடுத்தாலும் ஒரே ஒரு வசவு மட்டும் பளிச்சென்று வந்து விழுந்தது: "போடா நாயே!" தண்ணீர் கேட்டாலும் அதுதான், நர்ஸுக்கு நன்றி சொன்னாலும் அதுதான். பெரிய டாக்டருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

பார்க்க வந்தவர்கள், "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?" என்று கைக்குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கூவினார்கள். ஸ்கூலில் கணக்கு வழக்கு பார்க்கும் அவள் கூடப்பிறந்த தம்பி, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றே அவள் மகளிடம் சொன்னான்: "அக்காவுக்கு ஒண்ணுமே புரியலம்மா. மூளை போச்சு. ஸ்கூலுக்கு நாமதான் ஒரு வழி பண்ணணும்."

மகள் தலையாட்டினாள்.

தம்பி பேச்சைக்கூடத் தாங்கிக்கொண்டாள் அக்கா. அந்தத் தலையாட்டலில்தான் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். மேஜையில் சாவி, சீப்பு, ஸ்பூன் வைத்தாள். "சீப்பைத் தொடுறதுக்கு முன்னாடி சாவியைத் திருப்பி வைங்க." அக்கா இடது கையால் செய்தாள். அந்தப் பெண் இரண்டு படங்களை நீட்டினாள். "சிங்கத்தைப் புலி கொன்னுடுச்சு. செத்தது எது?" நேரம் பிடித்தது. நெற்றி வியர்த்தது. விரல் சிங்கத்தின் மேல் போய் நின்றது.

"அம்மாவுக்குப் புரியுது," என்றாள் பயிற்சிக்காரி.

மகள் நம்பவில்லை. "அப்போ திட்ட மட்டும் எப்படி வருது?"

"புரிஞ்சுக்க மூளையில ஒரு இடம்னா, வார்த்தையைக் கோத்து வாய்க்கு அனுப்ப இன்னொரு இடம். அடிபட்டது அங்கதான். வசவைக் கோக்க வேண்டியதில்ல. பழகின வசவு, ஒரே கட்டியா வேற வழியில வந்துடும். அவங்க நினைக்கிறது அது இல்ல."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சாவியைப் பார்த்தாள். அன்றே மாமாவிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "அவங்க பொழப்பே அதுதான். அப்படித்தான் சொல்லுவாங்க."

அடுத்த வாரம், ஏதோ சான்றிதழ் என்று சொல்லி, சக்கர நாற்காலியில் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். மகளும் கூடப் போனாள். அதிகாரி பத்திரத்தை எடுத்துப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஸ்கூலையும் மூணு காரையும் தம்பி பேர்ல எழுதிக் குடுக்கிறீங்க. சம்மதமா?"

"போடா நாயே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நோயில் விழுந்த நாளிலிருந்து நினைத்ததும் சொன்னதும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் செல்லாக்காசு.

"எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்லுவா சார், வியாதி. சம்மதம்தான்," என்று தம்பி அவளுடைய செத்த கையைத் தூக்கிக் கட்டைவிரலை மையில் அழுத்தினான். ஆயிரம் பேருக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் கைநாட்டு! இடது கையால் மைப்பெட்டியை ஓங்கித் தட்டினாள். பத்திரமெல்லாம் நீலம்.

"பாத்தீங்களா? புத்தி பேதலிச்சுப் போச்சு."

"புத்தி பேதலிச்சவங்ககிட்ட எழுதி வாங்க முடியாதே," என்றார் அதிகாரி. "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இவங்களுக்குப் புரியுமா, புரியாதா?"

தம்பி கைக்குட்டையால் பத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

"புரியும் சார்," என்றாள் மகள். இரண்டு தாளில் பெரிதாக எழுதி அம்மா முன்னால் வைத்தாள்: கொடுக்கிறேன். கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது தாளில் அறைந்தாள் அக்கா. அதிகாரி தாள்களை இடம் மாற்றி வைத்து, மறுபடி கேட்டார். மறுபடி அதே தாள். அறைந்த வேகத்தில் கிழிந்தது.

அதிகாரி பத்திரத்தை மூடித் தம்பியிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க."

வாசலில் மகள் முழங்காலிட்டு அழுதாள். "மன்னிச்சுடும்மா. மாமா பேச்சைக் கேட்டு..." அக்கா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தம்பி ஸ்கூல் சாவிக்கொத்தைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனவன், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மகள் தன் வேலையை விட்டுவிட்டு ஸ்கூலைத் திறந்தாள். ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு அக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையாக வர ஆரம்பித்தது. பயிற்சிக்காரியிடம் "வலி" என்றாள். மெக்கானிக்கிடம் "பிரேக்... பாரு" என்றாள்.

மகளிடம் மட்டும், வார்த்தை வந்த பிறகும், இன்னும் ஒரு மாதம் அவள் பேசவில்லை.